மினுக்கம் விரியுது

எங்கள் தீவில், நாரந்தனையிலிருந்து தம்பாட்டிப் பக்கமாக நடந்தால் கடைசியில் வருவது பரவைக்கடல். பேரலை கிடையாது. வற்று நேரத்தில் முழங்கால் தண்ணீரிலேயே வெகுதூரம் போகலாம். காலடியில் சாதாளை வழுக்கும், சேறு விரலிடுக்கில் பிதுங்கும். வெயில் தாழும் நேரத்தில் அப்பு என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அவர் கடற்றொழில் செய்தவரில்லை, தோட்டக்காரர். தோட்டக்காரருக்கும் காற்றின் வரவு தெரிய வேண்டும். கரையில் நின்று, நெற்றிக்கு மேலே கையை வைத்து மேற்கே பார்ப்பார். காற்று ஓய்ந்த நேரத்தில் சூரியனுக்குக் கீழே தண்ணீரில் ஒற்றையடிப் பாதை மாதிரி ஒடுக்கமாக ஒரு வெளிச்சம் கிடக்கும். சிலவேளை அந்தப் பாதையின் தூரத்து முனை மெல்ல அகலும். அதுவரை இருண்டு கிடந்த ஓரத் தண்ணீரில் ஒன்று இரண்டாகப் பொறிகள் தெறிக்கும். “அங்கை பார் மோனை, மினுக்கம் விரியுது. காத்து எழும்பப் போகுது” என்பார். கொஞ்சம் பொறுத்துச் சோளகக் காற்று முகத்தில் வந்து அறையும். அதற்கும் பிறகுதான் முதுகுப் பக்கத்துப் பனைகள் சத்தமிடத் தொடங்கும்.

1990இல் எனக்கு ஒன்பது வயது. அந்த ஓகஸ்டில் இராணுவம் தீவுக்குள் இறங்கியது. நாங்களும் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். அப்புவோடு அந்தக் கரையில் நின்றது அந்த ஆண்டோடு முடிந்தது.

இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன். திரைப்படங்களுக்காகக் கணினியில் உருவாக்கும் காட்சிகளில், பரப்புகள் மேல் வெளிச்சம் எப்படி விழுந்து எப்படித் திரும்புகிறது என்பதைக் கவனிப்பது என் வேலை. மரம், தோல், துணி, மழை நனைத்த தார்வீதி எல்லாம் செய்தாயிற்று. மூன்று வருடங்களுக்கு முன்னர் ஒரு படத்துக்கு, பின்னேர வெயிலில் ஆழமில்லாத கடல் ஒன்று வேண்டும் என்றார்கள். எனக்கு வேறு எந்தக் கடலும் தெரியாது. தம்பாட்டிக் கடலைச் செய்ய உட்கார்ந்தேன். முதல் நாள் திரையில் வந்தது நன்றாகப் பூசி மெழுகிய ஒரு தளம். சூரியனுக்குக் கீழே அழகான, மென்மையான, ஓரம் கரைந்த ஒளித்திட்டு. கூட வேலை செய்தவர்களுக்குப் பிடித்திருந்தது. எனக்கு மட்டும் அது கடலாகத் தெரியவில்லை. அது பளபளத்தது. மினுங்கவில்லை.

தமிழில் இந்த வேறுபாட்டுக்குச் சொல் தேட வேண்டியதில்லை. பளபளப்பு வேறு, தகதகப்பு வேறு, மினுமினுப்பு வேறு. எண்ணெய் பூசிய மேசை பளபளக்கும்; வெளிச்சம் அதில் ஒரே திட்டாகப் படுத்திருக்கும். பொன்னும் நெருப்பும் தகதகக்கும். மினுமினுப்போ புள்ளிகளால் ஆனது. ஒன்று அணையும்போது பக்கத்தில் இன்னொன்று பற்றும். ‘மினு’ என்று தனியாகச் சொல்லிப் பாருங்கள், சொல் நிற்காது. இரட்டித்தால்தான் பொருள் வருகிறது. இலக்கணத்தில் இரட்டைக்கிளவி என்று படித்தபோது பரீட்சைக்கு மனனம் செய்ததோடு சரி. அணைந்து எரிகிற ஒன்றுக்கு அணைந்து எரிகிற ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள் என்பது நாற்பது வயதில், திரைக்கு முன்னால் இருந்தபோதுதான் உறைத்தது.

கணினி வரைகலை பளபளப்பைச் சீக்கிரமே கற்றுக்கொண்டது. அதற்கு அடிப்படையான எண்ணம் மிகப் பழையது. பிரான்ஸ் நாட்டு அறிவியலாளர் பியேர் பூகே, எந்தச் சொரசொரப்பான பரப்பையும் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு கண்ணாடிகளின் கூட்டமாகப் பார்க்கலாம் என்று 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். அவர் இறந்தபின் 1760இல் அந்த நூல் வெளிவந்தது. ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும். எந்தச் சாய்வில் எத்தனை கண்ணாடிகள் என்பது தெரிந்தால் பரப்பு எப்படி ஒளிரும் என்று சொல்லிவிடலாம். 1967இல் கென்னத் ரொரன்ஸ், எஃப்ரேம் ஸ்பரோ என்ற இருவர் இதைக் கணக்காக்கினார்கள். 1977இல் ஜேம்ஸ் பிளின் அதைக் கணினிப் படத்துக்குள் கொண்டுவந்தார். இன்று நீங்கள் பார்க்கும் பெரும்பாலான கணினி விளையாட்டுகளிலும் அசைபடங்களிலும் இந்த நுண்கண்ணாடிக் கணக்கின் வம்சம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கை நான் மதிக்கிறேன். இதனால்தான் என் அடுப்பு எரிகிறது. ஆனால் அது தொடக்கத்திலேயே ஒன்றை ஒத்துக்கொள்ளச் சொல்கிறது: கண்ணாடிகள் எண்ணற்றவை. எந்தச் சிறு இடத்தை எடுத்தாலும் எல்லாச் சாய்விலும் போதிய அளவு கண்ணாடிகள் இருக்கும், ஆகவே சராசரி போதும். மரமேசைக்கு இது பொருந்தும். கடலுக்கோ, வெள்ளித்தூள் கலந்த கார்ப் பூச்சுக்கோ, சரிகைக்கோ, இங்கே ஜனவரி இரவுகளில் தெருவிளக்கின் கீழே கிடக்கும் பனிக்கோ பொருந்தாது. அவற்றில் கண்ணாடிகள் எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கின்றன.

சூரியன் வானத்தில் ஏறக்குறைய அரைப் பாகை அகலம். ஒரு கண்ணாடியை ஒரு பாகை திருப்பினால் அதிலிருந்து தெறிக்கும் ஒளி இரண்டு பாகை திரும்பும். அப்படியென்றால், சூரியனின் நடுவை உங்கள் கண்ணுக்கு நேரே அனுப்பும் சாய்விலிருந்து ஒரு துளிக் கண்ணாடி, ஒரு பாகையில் எட்டில் ஒரு பங்கு விலகிவிட்டாலே போதும், சூரியன் உங்களைத் தவறவிட்டுவிடும். இவ்வளவு இறுக்கமான வாசல் வழியாக வருவதால்தான் அந்தப் பொறி அவ்வளவு கூர்மையாக இருக்கிறது. இதே காரணத்தால் உங்கள் இரண்டு கண்களுக்கும் ஒரே பொறி தெரிவதில்லை. கையில் எடுத்துப் பார்க்கும் சரிகைக் கரையில் இடக்கண்ணுக்குத் தெறிப்பது ஓர் இழை, வலக்கண்ணுக்கு வேறோர் இழை. மூளையால் இரண்டையும் ஒட்ட முடியாமல் போகும் அந்தத் தத்தளிப்பையும் சேர்த்துத்தான் மினுமினுப்பு என்கிறோம்.

வாசல் இறுக்கமாக இருக்க விளக்கு சிறியதாக இருக்க வேண்டும். இதை எனக்குக் கற்றுத்தந்தது கூத்து. சின்ன வயதில் மெலிஞ்சிமுனைப் பக்கம் விடிய விடியக் கூத்துப் பார்க்கக் கூட்டிப்போவார்கள். பாதி நித்திரையில் கண்ட ஒன்று மட்டும் அப்படியே நிற்கிறது: ராசா தலையைத் திருப்பிய போது முடியில் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டுகள் வரிசையாகப் பற்றி அணைந்தது. விருத்தம் இழுபட இழுபட அவர் தலையை மெல்லத்தான் திருப்பினார். பொறிகளோ காதோரம் தொடங்கி உச்சிக்கு ஓடிப் போய் மறுகாதில் இறங்கின. அங்கே இருந்தது பெற்றோமாக்ஸ் விளக்கு. கைக்குள் அடங்கும் மென்திரி ஒன்று, கூசும் வெளிச்சம். பல வருடம் கழித்து ரொறன்ரோவில் ஒரு மண்டபத்தில் கூத்துப் போட்டார்கள். முடி அதைவிட நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தது, ஆட்டக்காரரும் குறைந்தவரில்லை. ஆனால் முடி செத்துக் கிடந்தது. மண்டபத்துக் கூரை முழுவதும் நீளக் குழல்விளக்குகள். வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்ததால் எல்லாக் கண்ணாடிகளும் எப்போதும் கொஞ்சம் கொஞ்சம் ஒளிர்ந்தன. எதற்கும் தன் முறை வரவில்லை. மப்பு மூடிய நாளில் கடல் மினுங்காததும் இதனால்தான். இப்போது யாராவது கூத்துக்கு ஒளியமைக்கக் கேட்டால் முதலில் கூரை விளக்குகளை அணைக்கச் சொல்கிறேன்.

சரி, கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டால் என்ன? இந்தக் கேள்விக்குத்தான் நினைவகம் குறுக்கே வந்து நிற்கிறது. ஒரு சதுர மீற்றர் கார்ப் பூச்சை எடுத்துக்கொள்வோம். தலைமுடியின் தடிப்பில் மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று என்ற அளவில், 20 மைக்ரோமீற்றருக்கு ஒரு சாய்வு பதிவதாக வைத்தால் நீளவாட்டில் 50,000, அகலவாட்டில் 50,000, மொத்தம் 250 கோடி. ஒவ்வொரு சாய்வுக்கும் இரண்டு எண்கள், 8 பைற். இந்தச் சதுர மீற்றருக்கு மட்டும் 20 கிகாபைற். முழுக் காரும் வேண்டாம், அதன் முன்மூடிக்கே கணினி மூச்சு வாங்கும். வைத்துவிட்டாலும் தீரவில்லை. திரையின் ஒரு பிக்சல் பல ஆயிரம் துகள்களை மூடி நிற்கிறது. அவற்றுள் எவை இந்த நொடியில் கண்ணுக்கு நேரே சாய்ந்திருக்கின்றன என்று தேட வேண்டும். குருட்டாம்போக்கில் தேடினால் ஒரு படத்துக்குள் வருடம் போய்விடும். 2014இல் லிங்-சீ யான், மிலோஷ் ஹாஷான், ரவி ராமமூர்த்தி, ஸ்டீவ் மாஷ்னர் முதலியோர் இந்தத் தேடலுக்கு ஒழுங்கான வழியொன்றைக் காட்டினார்கள். இடத்தையும் சாய்வையும் சேர்த்து அடுக்கடுக்காகப் பிரித்து, தேவையில்லாத கிளைகளை முளையிலேயே வெட்டிவிடுவது. 2016இல் அதை இன்னும் வேகமாக்கினார்கள். கீறல் விழுந்த உலோகமும் வெள்ளித்தூள் பூச்சும் அவர்கள் படங்களில் உயிரோடு இருந்தன. நினைவகப் பசி மட்டும் அப்படியே இருந்தது.

அதே 2014இல் வென்செல் ஜேக்கப்பும், இதே குழுவைச் சேர்ந்தவர்களும் இன்னொரு பாதையில் போனார்கள். எனக்கு அந்தக் கட்டுரையை வாசித்த நாள் நினைவிருக்கிறது. பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன். அவர்கள் துகள்களை வைத்திருக்கவே இல்லை. மொத்தம் எத்தனை துகள் என்ற ஓர் எண் மட்டும். பரப்பை நாலாகப் பிரி. அந்த எண்ணையும் நிகழ்தகவின் சட்டப்படி நாலு பங்காகப் பிரி. நாலு சரிபங்கு வராது. நெல்லை நாலு குவியலாகக் கொட்டினால் ஒன்று கூடி ஒன்று குறைவது போலத்தான் வரும். ஒவ்வொரு கால்பங்கையும் மறுபடி நாலாக்கு. எந்தப் பிக்சல் கேட்கிறதோ அந்த இடத்தில் மட்டும் இப்படி உள்ளே உள்ளே போனால் போதும். கேட்காத இடத்தில் துகள்கள் பிறப்பதே இல்லை.

அப்படியானால் அடுத்த சட்டகத்தில் அதே இடத்தைக் கேட்கும்போது வேறு பங்கு வந்துவிடாதா? வந்தால் படம் முழுவதும் புழு நெளிவது போலக் கொதிக்கும். அதற்குத்தான் விதை. தற்போக்கு எண்களைப் பிறப்பிக்கக் கணினிக்கு ஒரு தொடக்க எண் கொடுக்க வேண்டும். துறைக்காரர் அதை விதை என்றே சொல்கிறார்கள். ஒரே விதையிலிருந்து எப்போதும் ஒரே வரிசைதான் முளைக்கும். பரப்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் இடத்தைக் கொண்டே ஒரு விதை அமைத்துவிட்டால், நீங்கள் திரும்பிப் பார்க்கும்போது அதே துகள் அதே இடத்தில் அதே சாய்வில் காத்திருக்கும். யாரும் அதைச் சேமித்து வைக்கவில்லை. திரும்பி வந்து கேட்கும்போது மறுபடி பிறக்கிறது, மாறாமல். 2023இல் தோமா டெலியோவும் லோரன் பெல்கூரும் இந்த எண்ணிப் பகிரும் வழியை விளையாட்டுகளின் வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் நிகழ்தகவுச் சட்டத்துக்கு எல்லாத் துகளும் ஒன்றுதான். துலக்கிய உலோகத்தின் கீறல்கள் ஒரு பக்கமாக ஓடும். தோலில் குழிகள் இருக்கும். பரவைக்கடலின் சிற்றலைக்கு, அடியில் கிடக்கும் மணலின் வரிகளோடு ஒரு உறவு உண்டு. அந்தக் குணத்தை எண்ணிக்கை கொண்டுவராது. அதற்கு ஒரு மாதிரி வேண்டும்: உண்மையான பரப்பில் ஒரு சின்னத் துண்டு. அந்தத் துண்டை வைத்துக்கொண்டு எல்லையில்லாத பரப்பை நெய்வது எப்படி, அதுவும் நினைவகம் ஒரு துளியும் கூடாமல்? 2020இல் பெய்பெய் வாங்கும் ஹாஷான், நிக்கொலா ஹோல்சுக், யான் ஆகியோரும் செய்தது இதைத்தான். பரப்பு எவ்வளவு பெரிதானாலும் கையிருப்பு அந்தச் சின்ன மாதிரிதான். கேட்ட இடத்தில், கேட்ட அளவுக்கு, அதிலிருந்து நுண்பரப்பு எழும்பும்.

என் கடலுக்கு நான் எடுத்துக்கொண்டது இந்த வழியை. நான் தடுக்கி விழுந்ததும் இங்கேதான்.

மாதிரித் துண்டை ஓடு பதிப்பது போல அடுத்தடுத்துப் பதித்தேன். கிட்டவிருந்து பார்த்தபோது நன்றாக இருந்தது. கமராவை மேலே உயர்த்தியதும் கடல் முழுக்க ஒரே கோலம். ஒரு பொறி, அதன் வலப்பக்கம் இரண்டு பொறி, கீழே வளைந்து ஒரு வரி. மறுபடி அதே ஒன்று, அதே இரண்டு, அதே வரி. மனிதக் கண்ணுக்கு மீள்வதைப் பிடிப்பதில் இருக்கும் கெட்டித்தனம் வேறெதிலும் இல்லை. உடனே எனக்கு எங்கள் தீவகத்து ஊர்ச்சங்க மலர்கள் நினைவுக்கு வந்தன. என் அலுமாரியில் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. எந்த ஊரின் மலரைத் திறந்தாலும் வானளாவும் பனைகள், நன்னீர்க் கிணறு, வந்தாரை வாழவைக்கும் மக்கள், கோயில் மணியும் தேவாலய மணியும். நானும் அப்படி மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன். அவற்றில் எதுவும் பொய் இல்லை. எல்லா ஊரிலும் பனை இருந்தது, கிணறு இருந்தது. ஆனால் ஒரே ஓட்டைப் பதித்துப் பதித்து, மேலிருந்து பார்க்கிறவனுக்கு ஊரே தெரியாமல் கோலம் மட்டும் தெரியும்படி செய்துவிட்டோம். இங்கே பிறந்த பிள்ளைகள் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு மூடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஓடு தெரியாமலிருக்க, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று கலக்கலாம். பரப்பை முக்கோண வலையாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் மாதிரியின் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த மூன்று துண்டுகளை எடை போட்டுக் கலப்பது. கோலம் மறைந்துபோனது. கூடவே மினுக்கமும். மூன்று துண்டுகளைச் சம எடையில் கலந்தால் ஏற்ற இறக்கத்தின் வீச்சு மூன்றின் வர்க்கமூலத்தால் வகுபடும். 100 இருந்த இடத்தில் 58தான் மிஞ்சும். ஒரு துண்டின் மேட்டை மற்றதன் பள்ளம் தின்றுவிடுகிறது. யாரும் யாரையும் மறுக்காத, சாம்பல் பூத்த ஒரு கடல்.

இதையும் நான் முன்பே பார்த்திருக்கிறேன், வீட்டில். அம்மாவும் அண்ணாவும் நானும் ஒன்றாக இருந்து சாப்பிடும்போது ஊர்க்கதை வரும். அண்ணாவுக்கு அந்தக் கடல் என்றால் மீன் பிடிக்கும் களங்கட்டிக் கம்புகளின் மேல் வரிசையாக இருந்த கடற்காகங்கள். அம்மாவுக்கு அது இரவில் வள்ளங்களில் அசையும் லாம்பு வெளிச்சம். எனக்கு அப்புவின் கையும் அதற்கப்பால் விரியும் மினுக்கமும். பிள்ளைகள் கேட்கும்போது மூவரும் சேர்ந்து ஒரு கடலைச் சொல்லுவோம். அதில் காகமும் இல்லை, லாம்பும் இல்லை, காற்றும் இல்லை. ‘நல்ல வடிவான கடல்’ என்று முடியும். மூன்று பேரும் தலையாட்டுவோம்.

எரிக் ஹைட்ஸ், ஃபப்ரீஸ் நெய்ரே என்ற இருவர் 2018இல் இந்த மங்கலுக்கு மருந்து எழுதினார்கள். மருந்து மிகச் சின்னது. முதலில் மாதிரியின் பெறுமானங்களை மணி வடிவப் பரம்பலுக்கு மாற்று. கலந்தபின், எடைகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, சராசரியிலிருந்து விலகிய அளவை அதனால் வகு. சம எடை மூன்றென்றால் 0.58ஆல் வகுக்கிறோம், தேய்ந்துபோன வீச்சு 100க்குத் திரும்பிவிடும். கடைசியில் பழைய பரம்பலுக்கு மீட்டுக்கொள். கலப்பு கலப்பாகவே இருக்கும், ஆனால் மேடு மேடாகும், பள்ளம் பள்ளமாகும். சமன்பாட்டை எழுதி ஓட்டிவிட்டுத் தேநீர் ஊற்றப் போனேன். திரும்பி வந்தபோது திரையில் சில இடங்கள் கண்ணைக் கூசவைத்தன. கதிரையில் உடனே உட்கார முடியவில்லை.

அதன்பின் வீட்டில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பிள்ளைகள் கேட்டால் நாங்கள் சேர்ந்து சொல்வதில்லை. அண்ணா காகங்களைச் சொல்லுவார், அம்மா லாம்பைச் சொல்லுவா, இடையில் ஒருவர் மற்றவரைத் திருத்தக்கூடாது. கிணற்றடிக்குப் போகும் ஒழுங்கை இடப்பக்கமா வலப்பக்கமா என்ற சண்டை அப்படியே நிற்கிறது. நிற்கட்டும்.

ஒன்றை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. மாதிரியிலிருந்து பிறக்கும் கடல் உண்மைக் கடலைப் போன்றது, உண்மைக் கடல் இல்லை. அதில் தெறிக்கும் எந்தப் பொறியும் தம்பாட்டியில் ஒருநாளும் தெறித்ததில்லை. கடலுக்கு அது போதும்; அந்தப் பொறிகளுக்குப் பெயர் இல்லை, அவற்றைத் தேடி அழ யாரும் இல்லை. இதே கடலில் 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகு வழிமறிக்கப்பட்டது. பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். கைக்குழந்தையும் அதில் இருந்தது. அங்கே எனக்குத் தெரிந்த எந்தச் சுருக்க வழியும் உதவாது. எண்ணிக்கை உதவாது, மாதிரி உதவாது, விதை உதவாது. ஒவ்வொரு பெயரும் அதனதன் இடத்தில், எவ்வளவு இடம் எடுத்தாலும், எழுதிவைக்கப்பட வேண்டும். எதைப் பிறப்பித்துக்கொள்ளலாம், எதைப் பிறப்பிக்கவே கூடாது என்பதை இந்தத் தொழிலுக்குள் வந்தபின்தான் நான் தெளிவாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன்.

கடலுக்கு வருகிறேன். மினுக்கம் வந்தது, ஆனால் அகலம் சரியில்லை. சூரியப் பாதை எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும்? என் நினைவில் இருந்தது அப்புவின் கைக்கு அப்பால் தெரிந்த ஏதோ ஓர் அகலம். அதை எண்ணாக்க முடியவில்லை. ஊரில் இருக்கும் மச்சாளின் மகனிடம் பின்னேரக் கடலை எடுத்து அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் வந்தது. திறந்து பார்த்தால் சூரியனுக்குக் கீழே மஞ்சள் கட்டங்கள் நகர்ந்தன. காணொளியைச் சுருக்கும் முறை, அடுத்த சட்டகம் முந்தியதைப் போலத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் நடப்பது. மினுக்கம் அந்த நம்பிக்கைக்கு அடங்காது. இடம் போதாதபோது சுருக்கி முதலில் கைவிடுவது அதைத்தான். பனை தெளிவாக இருந்தது, வள்ளம் தெளிவாக இருந்தது, கரையில் நின்ற நாய்கூடத் தெளிவாக இருந்தது.

அப்போதுதான் சார்ள்ஸ் கொக்ஸ், வோல்டர் மங்க் என்ற இரண்டு கடலியலாளர்களின் பழைய கட்டுரையைத் தூசு தட்டினேன். 1951இல் ஹவாயின் மாவுய் தீவருகே விமானத்திலிருந்து கடல்மேல் சூரிய மினுக்கத்தைப் படம் எடுத்து, 1954இல் முடிவை வெளியிட்டவர்கள். அவர்களும் பொறிகளை எண்ணவில்லை. சூரியனுக்குக் கீழே எந்தத் தூரத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று அளந்து, அதிலிருந்து அலைகளின் சாய்வைக் கணித்தார்கள். சாய்வின் வர்க்கச் சராசரி காற்றின் வேகத்தோடு நேர்கோட்டில் கூடுகிறது என்று கண்டார்கள். செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் தண்ணீர் தட்டுகளின் சாய்வு ஆறு, ஏழு பாகைக்குள் பரந்திருக்கும். 10 மீற்றர் வேகத்தில் அது 13 பாகையாகும். கடலில் எண்ணெய் ஊற்றியும் பார்த்திருக்கிறார்கள். சிற்றலை அடங்கி மினுக்கம் சுருங்கியது. வாசித்துக்கொண்டு போனவன் ஓரிடத்தில் நிறுத்திவிட்டேன். விமானமும் கமராவும் கொண்டு அவர்கள் எழுதிவைத்தது அப்பு கரையில் நின்று ஒரு வசனத்தில் சொன்னதேதான். காற்றைச் சொல்லிவிட்டால் அகலம் தானாக வரும்.

மறுநாள் காலை எட்டே கால், அங்கே பின்னேரம் ஐந்தே முக்கால். மருமகனுக்கு அழைத்தேன்.

“தம்பி, படம் வேண்டாம். கரையிலையோ நிக்கிறாய்?”

“ஓம் மாமா.”

“காத்து எந்தப் பக்கம்?”

“சோளகம்தான் மாமா. நல்லா அடிக்குது, கதைக்கிறது கேக்குதே?”

கேட்டது. அவனுடைய குரலை விடக் காற்றுத்தான் கூடக் கேட்டது. பனை ஓலைகளும் கேட்டன. அலைபேசியை மேசையில் ஒலிபெருக்கியில் வைத்துவிட்டு, காற்றுக்குச் செக்கனுக்கு 8 மீற்றர் என்று போட்டேன். அது ஆழ்கடலின் கணக்கு என்பதால், ஆழமில்லாத தண்ணீருக்குக் கொஞ்சம் குறைத்தேன். சூரியனை அந்த நேரத்துக்குரிய உயரத்தில் இறக்கினேன். திரையில் ஒற்றையடிப் பாதையாகக் கிடந்த வெளிச்சத்தின் தூரத்து முனை அகன்றது. ஓரத்து இருட்டில் ஒன்று தெறித்தது. பிறகு அதன் வலப்பக்கத்தில் இன்னொன்று.

“மாமா, நிக்கிறியளோ?” என்று அவன் இரண்டு தரம் கேட்டுவிட்டான்.